பூசை இல்லாத நாள்

மரத்தை மரம் தட்டுகிற ஓசை. கீழே உள்துறைமுகத்தின் கரையில் யாரோ ஒரு பழைய வள்ளத்தின் பலகைகளைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள், எங்கே உளுத்திருக்கிறது என்று. ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் கந்தோரின் ஜன்னல் வரை அது ஏறி வருகிறது. டக். பிறகு நீண்ட இடைவெளி. டக், டக். என் விரல்கள் தட்டச்சு விசைகளின் மேல் நின்றுவிடுகின்றன. மற்றவர்களுக்கு அது வேலைச் சத்தம். எனக்கு அது தவக்காலத்தின் கடைசி நாட்களில், மணியைக் கட்டிவைத்துவிட்டு, மணிக்குப் பதிலாக எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் அடிக்கிற பலகையின் வறண்ட குரல். அந்தக் குரலோடு மச்சாளின் முகமும் வந்துவிடும்.

மச்சாள் என்றால் என் தம்பியின் மனைவி. அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். தம்பி கடலுக்குப் போனவன், வராதவன். பாருங்கள், இப்போதும் அந்த மற்றச் சொல்லை எழுதக் கை போகவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எங்கள் சிறிய வீடு மாதக்கணக்காக இரண்டாகப் பிளந்து கிடந்தது. குசினி அடுப்படியில் அவள், முன்னறையில் நான்.

மண்ணெண்ணெய்க்கு ஊரே வெற்றுக் கான்களோடு வரிசையில் நின்ற வருடம் அது. கிடைத்த எண்ணெயோடு தம்பி தனியே போனான். கூடப் போகிறவர் கிண்ணியாவிலுள்ள ஒரு முஸ்லிம் அண்ணன்; நாங்கள் நானா என்போம். அன்று அவருக்குக் காய்ச்சல். கச்சான் எழும்பியிருந்தது. அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. போகும்போது முதுகில் தட்டிக் கொடுக்கும், வரும்போது வாசலை மறித்து நிற்கும். நானாதான் காய்ச்சல் உடம்போடு இன்னொரு படகில் தேடிப் போய், கொட்டியாரக் குடாவுக்கு வெளியே வெகு தூரத்தில் எங்கள் படகைக் கண்டுபிடித்து இழுத்து வந்தார். பாதி வலை உள்ளே இருந்தது. தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அவன் இல்லை.

நானா முற்றத்தில் நின்றார். கதிரையைப் போட்டும் அதில் இருக்கவில்லை.

"தங்கச்சி, இஞ்சினை ஒழுங்காத் தூக்கிக் கட்டி வச்சிருக்கான். உசிரோட இருக்கக்குள்ள ஒரு நாளும் அப்படிக் கட்டினதில்ல. நான் ஏசாத நாளில்ல."

மச்சாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இருக்கக்குள்ள எண்டு ஏன் சொல்லுறீங்கள் நானா? இப்ப இல்லையெண்டு ஆர் சொன்னது?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். "தெரியா புள்ள," என்றார். "எனக்குத் தெரியா."

அன்றிலிருந்து எவருக்கும் தெரியவில்லை. தெரியாமையோடு உறங்கி, தெரியாமையோடு எழுந்து, தெரியாமைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தோம். இந்தத் துறைமுகம் ஆழமானது, அலையில்லாதது. பெரிய கப்பல்கள்கூட இதற்குள் சத்தமில்லாமல் வந்து நிற்கும். கந்தோருக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பேன். இவ்வளவு தண்ணீர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் எப்படிக் கிடக்கிறது என்று பொருமுவேன். வாயில் செபம் வரும். ஆனால் அது காலி வீட்டில் பேசுகிற வானொலியைப் போலிருக்கும்.

நான் பிறந்ததிலிருந்து வேதக்காரி. மச்சாள் ஈச்சிலம்பற்றுச் சைவக்காரி. தம்பியைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தவள். கறி கொதிக்கும்போது செபப்புத்தகத்தை அம்மியில் சாய்த்து வைத்துப் பாடமாக்கினவள். இப்போது அவள் செபமாலையோடு இருக்கிறாள், நான் வெறுங்கையோடு இருக்கிறேன். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஓர் ஆத்துமப் பூசை. பலிபீடத்தில் நின்று ஒருவர் அவன் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்தால் போதும். நான் விழுந்து அழுவேன். அழுது முடிப்பேன். முடிப்பதற்குத்தான் எனக்கு இடம் தேவைப்பட்டது. அவளுக்கோ அந்த வாசிப்பு தன் கையாலேயே அவனைத் தண்ணீருக்குள் அமத்துவது போல.

ஒருநாள் இருவரும் சேர்ந்தே பூசை கொடுக்கப் போனோம். கோயில் காரியாலயத்தில் இருந்த ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, பூசை உயிரோடிருப்பவருக்கா இறந்தவருக்கா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்:

"சுகத்துக்கோ, ஆத்துமாவுக்கோ?"

"ஆத்துமாவுக்கு," என்றேன் நான்.

"சுகத்துக்கு," என்றாள் அவள். ஒரே நேரத்தில்.

ஐயா பேனையை மூடினார். "ரெண்டு பேரும் வீட்டில கதைச்சுப்போட்டு வாங்கோ, பிள்ளையள். நான் இஞ்சதான் இருப்பன்."

வீட்டில் நாங்கள் கதைக்கவில்லை. சோறு கதைத்தது, கோப்பை கதைத்தது, அலுமாரிக் கதவு கதைத்தது.

கார்த்திகையில் இறந்தோர் நாள் வந்தபோது நான் மட்டும் கல்லறைகள் இருக்கும் சேமக்காலைக்குப் போனேன். எங்களுக்குக் கல்லறை இல்லை. நடுவிலிருக்கும் பெரிய சிலுவையின் அடியில் மாலையை வைத்துவிட்டு, காற்றுக்குள் மெழுகுதிரியோடு மல்லுக்கட்டினேன். திரி பற்றித் திரும்பிப் பார்த்தால், ஊருக்குள் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று மாலையில் பாதியைத் தின்று முடித்திருந்தது. வீட்டுக்கு வந்து, ஏனென்று தெரியாமல், அதை அவளிடம் சொன்னேன்.

"செத்தவீடு நடக்காத மாலை எண்டு மானுக்கும் தெரிஞ்சிருக்கு," என்றாள். அவள் உதடு கோணியது. பிறகு சிரித்தோம். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. ஆனால் அழுது முடிந்தபின்பும் நான் ஆத்துமா என்றேன், அவள் சுகம் என்றாள்.

அப்படியே தவக்காலமும் வந்தது. பெரிய வெள்ளி போனது. மறுநாள் சனி, நடுப்பகல். அவளை வீட்டில் காணவில்லை. காணவில்லை என்ற சொல் எங்கள் வீட்டில் சாதாரணச் சொல் அல்ல. கடற்கரைக்கு ஓடினேன், சந்தைப் பக்கம் ஓடினேன், கடைசியில் மூச்சிரைக்கக் கோயிலுக்குள் நுழைந்தேன்.

அவள் முன் வரிசை வாங்கில் இருந்தாள். பலிபீடத்தில் துணியில்லை, பூவில்லை. எப்போதும் எரிகிற சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. நான் பழக்கத்தில் நடுவே வந்து, ஆண்டவர் அப்பமாக இருக்கும் நற்கருணைப் பேழையைப் பார்த்து முழந்தாளிட்டு, நெற்றியில் சிலுவையும் போட்டுக்கொண்டேன்.

"அங்க அவர் இல்ல, மச்சாள்," என்றாள் அவள் மெதுவாக. "கதவு திறந்து கிடக்கு, பாருங்கோ. பிறந்ததிலயிருந்து வேதக்காரி நீங்கள். நான் சொல்லித் தரவேண்டிக் கிடக்கு."

பார்த்தேன். பேழையின் சிறிய கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஆண்டவர் கல்லறையில் கிடக்கும் அந்த நாட்களில் மட்டும்தான் வருடத்தில் அப்படி. சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் நான் ஒருநாளும் அந்த வெறுமையை ஏறிட்டுப் பார்த்ததில்லை. சனிக்கிழமை என்றால் வீடு கழுவுவது, உயிர்ப்பு விழாவுக்குப் பலகாரம் சுடுவது என்றுதான் எனக்குப் பழக்கம்.

அருகில் போய் இருந்தேன். "ஏன் சொல்லாமல் வந்தனீங்கள்?"

"இண்டைக்குப் பகல் பூசை இல்லைத்தானே. அதுதான் வந்தனான்." செபமாலையை உள்ளங்கைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். "இண்டைக்கு ஒருத்தரும் என்னட்டக் கேக்க மாட்டினம், சுகத்துக்கோ ஆத்துமாவுக்கோ எண்டு."

நான் ஓடிவந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆண்டவர் இண்டைக்குப் பாதாளத்துக்குப் போனவர் எண்டு படிச்சனான். அப்ப இவர் எங்க கிடந்தாலும் பக்கத்தில அவர் நிப்பார். செத்துக் கிடந்தாலும் சரி, எங்கையாவது கரையொதுங்கிப் பேர் மறந்து இருந்தாலும் சரி." மூச்சை விட்டாள். "இண்டைக்கு மட்டும் எனக்கு நெஞ்சு நோகேல்ல, மச்சாள்."

வெளியே காகம் கரைந்தது. துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் ஊதியது. நான் அந்தத் திறந்த சிறு கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எந்த வெளிச்சமும் தெரியவில்லை, எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆனால் அத்தனை மாதங்களாக என் கால்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று வாங்கில் உட்கார்ந்துவிட்டது. கடவுளே வீட்டில் இல்லாத நாள். அந்த ஒரு நாளில் என் தம்பி இல்லாதது கோயிலுக்குள் அந்நியமாகத் தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. எங்கள் தோள்கள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் என்று சொல்ல ஏலாது.

இரவு உயிர்ப்புத் திருவிழிப்பில் மணிகளெல்லாம் ஒன்றாக அடித்தன. சனம் பாடியது. மச்சாள் பாடவில்லை, நானும் பாடவில்லை. மகிழ்ச்சி எங்களைத் தாண்டிப் போய் மற்றவர்கள் மேல் விழுந்தது. திரும்பவும் கிழமைகள் வந்தன, திரும்பவும் பூசைகள், திரும்பவும் அந்தக் கேள்வி. அந்த நடுப்பகலின் அமைதி பிறகு எனக்கு முழுதாக ஒருபோதும் கிடைக்கவில்லை. இருந்தது என்று மட்டும் தெரியும். தெரியாதவையே நிறைந்த எங்கள் வீட்டில் தெரிந்த ஒன்று அது.

தம்பியின் உழைப்பு இல்லாத வீட்டில் என் சம்பளத்தில் இருக்க அவளுக்கு மனமில்லை. ஈச்சிலம்பற்றில் அவளுடைய தாய் நோயாய்க் கிடந்தாள். வயலும் ஆளில்லாமல் கிடந்தது. போவதென்று அவள் சொன்னபோது நான் மறிக்கவில்லை. அவளுடைய துணிப்பையோடு ஒரு தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை போனேன். தம்பியின் சாரங்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன, தோய்த்து மடித்து, வந்தால் உடுக்கக்கூடியவாறு. அவற்றை அடுக்கும்போது நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

வெருகல் பக்கம் போகிற பஸ் இரைந்துகொண்டு நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் இருந்தாள். நான் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவன் போன நாள் திரும்ப வரப்போகிறது. பூசை கொடுக்கவேண்டும். இனிக் காரியாலயத்தில் நான் தனியாகத்தான் நிற்பேன். நான் விரும்பியதை விரும்பியபடி சொல்லலாம், மறுக்க ஆளில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"மச்சாள், ஐயா கேப்பார்," என்றேன். "நான் என்னெண்டு சொல்ல?"

பஸ் அசைந்தது. அவள் கையை வெளியே நீட்டி, கம்பியிலிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"பேரை மட்டும் சொல்லுங்கோ, மச்சாள். மிச்சம் ஆண்டவருக்குத் தெரியும்."