வயலுக்குள் வந்த தோணி

சுனாமி என் மூத்த மகள் வதனியைக் கொண்டுபோனது. எங்கள் ஊர் பெரியகல்லாறு. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் போக அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் அவள் கை நழுவும்போது, "இயேசுவே, பிள்ளையைத் தாரும்" என்றுதான் கத்தினேன். பிள்ளை கிடைக்கவில்லை. சபையில் சாட்சி சொல்ல வந்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடலே வேண்டாம் என்று என் புருஷன் உன்னிச்சைக்குக் கூட்டிப்போனார். அவருடைய தம்பி யோகன் மட்டும் வாவியில் மீன்பிடித்துக்கொண்டு ஊரிலேயே நின்றுவிட்டார். உன்னிச்சையில் குளம் இருந்தது, வயல் செய்தோம். பிறகு சண்டை வந்தது. செல்லடிக்குப் பயந்து முகாமுக்கு ஓடினோம். சின்னவள் அங்கேதான் பிறந்தாள். திரும்பி வந்து, பற்றை வெட்டி, மறுபடி விதைத்தோம். யுத்தமும் முடிந்தது. இனி ஓட்டமில்லை என்று நினைத்தோம்.

2011 தை மாதம் மழை விடவேயில்லை. கதிர் வந்த வயல் கண்ணுக்கு முன்னால் தாழ்ந்தது. குளத்துக் கதவுகளையும் திறந்துவிட்டார்கள். வீட்டுக்குள் வெள்ளம் ஏற, யானைக்காவலுக்கு மரத்தில் கட்டியிருந்த பரணில் மூவரும் ஏறினோம். புருஷன் தம்பிக்குப் போன் எடுத்தார்.

"வயல் வட்டை முழுக்க வெள்ளம்டா. பரண்ல இருக்கம்."

அதோடு போன் செத்துப்போனது.

"கடலுக்குப் பயந்து இங்க வந்தம். இனி எங்க போற?" என்று அழுதார்.

சின்னவளை இறுக்கிக்கொண்டு ஜெபித்தேன். ஸ்தோத்திரம் வாயில் வரவில்லை. "ஒன்றை எடுத்தீர், அது உமக்குக் காணாதா? இவளைத் தரமாட்டேன்" என்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன்.

பொழுது சாய முன்னம் யோகன் வந்தார். உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் தோணியை ஏற்றிவந்து, றோட்டு தாழ்ந்த இடத்தில் இறக்கி, வயலுக்கு மேலால் கம்பு ஊன்றி வந்திருந்தார்.

"மச்சாள், முதல்ல பிள்ளையைத் தாங்க."

என் கை விடவில்லை. அவர் ஏசவில்லை. "நான் விடமாட்டன் மச்சாள்" என்றார். கொடுத்தேன்.

இப்போது மாரி தொடங்க முன்னமே கல்லாற்றுக்கு வந்துவிடுகிறோம். அண்ணனும் தம்பியும் வாவிக்குப் போகிறார்கள். கோடையில் உன்னிச்சைக்குப் போய்ச் சின்னப்போகம் மட்டும் செய்கிறோம். மாரியில் செய்கிற பெரும்போகத்தை விட்டாச்சு. வருசத்தில் இரண்டுதரம் சட்டி பானை கட்டுகிற சீவியம். அலுப்புத்தான். ஆனாலும் சின்னவள் உயிரோடு இருக்கிறாள். அதற்காக ஆண்டவருக்கு ஒவ்வொரு நாளும் நன்றி சொல்கிறேன். வதனியை ஏன் காப்பாற்றவில்லை என்றும் கேட்கிறேன். இன்னும் பதில் இல்லை.

இங்கே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறீர்கள். மனம் ஆறட்டும், பிறகு ஜெபிப்போம் என்று இருக்காதீர்கள். கசப்போடயே வாங்க. நானும் அப்படித்தான் வாறன்.