உடைப்பதற்குச் சம்பளம்

அலுவலகத்தில் அவருக்குச் ‘சுத்தியல்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. விண்கலத்துக்கு மின்சாரம் தரும் அணு எரிபொருளை ஓர் உலோகக் குப்பியில் அடைத்து அனுப்புவார்கள். ராக்கெட் பாதியில் வெடித்துக் கீழே விழுந்தாலும் அது பிளந்து ஊர்மேல் சிந்தக் கூடாதல்லவா? அதனால் எரிபொருளுக்குப் பதில் ஆபத்தில்லாத பீங்கான் தூளை அடைத்து, செக்கச்செவேலென்று காய்ச்சி, எந்திரத்தில் வைத்து இரும்புத் தகட்டின்மேல் ஓங்கி மோதவிட்டுப் பார்ப்பது அவர் வேலை.

முப்பது வருஷமாக மோதவிட்டார். ஒன்றுகூட உடையவில்லை. நசுங்கும், கோணும், உடையாது. மற்றவர்கள் கைதட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். இவருக்கு மட்டும் வயிறு எரியும். உடைப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒன்றையும் உடைக்காமல் ஓய்வு பெறுவதா? மனைவியிடம் புலம்பினால், வீட்டில் உடைத்ததற்கே உங்களுக்குப் பதவி உயர்வு கொடுக்கலாம் என்பார் அந்த அம்மாள்.

ஓய்வுக்கு முந்தைய நாள், கடைசிக் குப்பி. மோதிய சத்தமே வேறு மாதிரி இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். பற்றவைத்த இடத்தில் நகநீள விரிசல், தகடெல்லாம் வெள்ளைத் தூள். சுத்தியலுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்றவர்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ராக்கெட்டில் ஏறப்போகும் குப்பிகளும் அதே கையால் பற்றவைத்தவைதான்.

மேலாளர் அவரைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். அடுத்த மாதம் ராக்கெட் கிளம்ப வேண்டும், மந்திரி வேறு வருகிறார். இன்னொரு குப்பியை மோதவிட்டு அதை மட்டும் அறிக்கையில் எழுதிவிடலாம், நாளையோடு வீட்டில் காலை நீட்டி உட்காரப் போகிறவருக்கு எதற்கு வம்பு என்று தேனொழுகப் பேசினார்.

சுத்தியலுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“முப்பது வருஷத்துல ஒண்ணே ஒண்ணுதான் உடைச்சிருக்கேன் சார். அதையும் இல்லைன்னு எழுதச் சொல்றீங்களா?”

அன்று மாலையே அறிக்கை போய்விட்டது. பிறகு ராக்கெட்டுக்கான குப்பிகளைப் பிரித்துப் பார்த்ததில் இன்னும் நான்கில் அதே கோளாறு. ராக்கெட் எட்டு மாதம் தள்ளிப்போனது.

அறிக்கை போன மறுநாள் நடந்த பிரிவுபசார விழாவுக்கு மேலாளர் வரவில்லை. சுத்தியல் அதைக் கவனிக்கவேயில்லை. விரிசலின் புகைப்படத்தை, துப்புரவு செய்ய வந்த அம்மா வரைக்கும் ஒருவர் விடாமல் காட்டிக்கொண்டிருந்தார்.