என் வில்லை விற்ற ஃபோன் கடைக்கார அண்ணை

டிஸ்பிளே மாற்றத்தானே ஃபோனைக் கொடுத்தேன்? என் வில்லை விற்கச் சொன்னேனா?

பருத்தித்துறையில் ஃபோன் திருத்தும் கடை. பின்னேரம் எடுக்கப் போனால் கடைக்கார அண்ணைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“தங்கச்சி, டச் வேலை செய்யுதோ எண்டு உங்கடை கேமைக் கொஞ்சம் விளையாடிப் பாத்தனான்.”

சரி, பார்க்கட்டும். ஆனால் கேமைத் திறந்தால் என் வில்லாளியின் கையில் ஆளுயரக் கோடரி.

“வில்லு எங்கை அண்ணை?”

“அதை வித்துத்தான் கோடாலி வாங்கினனான். உங்கடை ஆள் தூரத்திலை நிண்டு அம்பு விடுது. பாக்கச் சரியான பயந்தாங்கொள்ளி மாதிரிக் கிடந்தது.”

“ஸ்கில் பொயின்ற்?”

“சும்மா கிடந்ததெல்லாத்தையும் கோடாலிக்கே போட்டு விட்டிட்டன்.”

சும்மா கிடந்ததா! கேமின் கடைசிப் பூதத்தை வெல்ல, ஒவ்வொரு லெவலிலும் செலவழிக்காமல் சேர்த்து வைத்த திறன் புள்ளிகள் அவை. இந்த கேமில் ஒருமுறை போட்டால் போட்டதுதான், திருப்பி எடுக்க முடியாது. என் ஆள் போட்டிருப்பது மெல்லிய தோல் சட்டை. தூரத்தில் நிற்கிறவளுக்கு அது போதும். கோடரியோடு கிட்டப் போனால் ஒரே அடியில் செத்துவிடுவாள்.

கடையில் நின்றே கத்தினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“உதுக்கு நான் காசும் எடுக்கேல்லை. உதவி செய்தவனோடை சண்டை பிடிக்கிறியள்!”

பஸ்ஸில் வரும்போது பூதத்திடம் போய்ப் பார்த்தேன். ஒரே அடிதான்.

புது டிஸ்பிளே நன்றாகத்தான் இருக்கிறது. நான் சாவது துல்லியமாகத் தெரிகிறது.

கேம் விளையாடத் தெரியாத ஃபோன் கடைக்காரர் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் கீழே சொல்லுங்கள்.