கட்டம் போட்டுக் கீறினா அது கள்ளமாம்!

போன சனிக்கிழமை எங்கட பில்டிங் லோண்ட்ரி ரூமில ஒரு சண்டை!

(உடுப்புக்கு இல்லை. சுவருக்கு!)

ஸ்காபரோவில எங்கட அப்பார்ட்மென்ட். அந்த ரூமின்ர நீளச் சுவரில படம் கீற மனேஜ்மென்ட் எனக்கு ஒரு வீக்கெண்ட் தந்தது. ஞாயிறுக்குள்ள முடியேல்லையெண்டா சாம்பல் பெயின்ற் அடிப்பினமாம்.

நான் ஆர்டிஸ்ட் இல்லை. டென்டல் கிளினிக்கில ஃபோன் எடுக்கிறனான். ஆனா கீற ஆசை.

எங்கட பஸ் ஸ்டொப்பில சனம் ஸ்னோவுக்க நிக்கிற ஃபோட்டோ ஒண்டு இருந்தது. லப்டொப்பில ஃப்ரீயாக் கிடைக்கிற எடிட்டிங் சொஃப்ட்வெயரில அதைத் திறந்தன். படத்துக்கு மேல கண்ணாடித்தாள் மாதிரி ஒரு புது லேயர். அதில நேரா ஒரு கோடு. பிறகு கொப்பி, பேஸ்ட், கொப்பி, பேஸ்ட். நெட்டுக்கும் குறுக்குக்கும் போட, படம் முழுக்கக் கட்டம்.

முதல்தரம் பிழைச்சுப் போச்சு! படத்தில கட்டம் சதுரம், அதே கணக்கில சுவரைப் பிரிச்சா நீட்டு. அப்பிடியே கீறியிருந்தா சனம் நசுங்கின தக்காளி மாதிரி நிண்டிருக்கும் 😂

படத்தைச் சுவரின்ர அளவுக்கு ஏத்த மாதிரி வெட்டிப்போட்டுத் திருப்பிக் கட்டம் போட்டன். சரி வந்தது!

சனிக்கிழமை சோக் பூசின நூலால சுவரில அதே கட்டங்களைப் போட்டுக்கொண்டிருக்க, நாலாம் மாடி அங்கிள் உடுப்புக் கூடையோட வந்தார். ஊரில சித்திரம் படிப்பிச்ச வாத்தியார்.

"பிள்ளை, உது என்ன?"

"கட்டம் அங்கிள். லப்டொப்பில கட்டம் போட்ட படத்தைப் பாத்து, ஒவ்வொரு கட்டமாச் சுவரில கீறப்போறன்."

"உது கள்ளம்! கண்ணால பாத்துக் கையால கீறவேணும். கொம்பியூட்டர் கீறினா உமக்கென்ன பேர்?"

லோண்ட்ரிக்கு வந்திருந்த எல்லாருக்கும் முன்னால!

'சொறி அங்கிள்' எண்டு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினன்.

"கொம்பியூட்டர் கோடு மட்டும்தான் அங்கிள் போட்டது. மிச்சமெல்லாம் என்ர கை. கள்ளமெண்டாலும் கீறத்தான் போறன்!"

"ரெண்டு நாளில உம்மால ஏலாது" எண்டிட்டு மெஷினுக்க காசைப் போட்டார்.

அப்பதான் ட்ரையரில இருந்து உடுப்பு எடுத்துக்கொண்டிருந்த மெரீனா அக்கா திரும்பினா.

"எனக்கு ஒரு கட்டம் தாருமன். முழு ஆளைக் கீறத் தெரியாது. ஒரு சப்பாத்துக் கீறுவன்."

எனக்குப் பொறி தட்டிச்சுது! ஓடிப்போய்ப் படத்தைப் பிரின்ற் எடுத்து, கட்டங்கட்டமா வெட்டி மேசையில பரப்பினன்.

உடுப்புத் தோய்க்க வந்த சனமெல்லாம் ஆளுக்கொண்டு எடுத்துது! பக்கத்து வீட்டு பிலிப்பினோ அக்கா பஸ் லைற் இருந்த கட்டத்தைத் தொட்டுக் காட்டினா. குடுத்தன்.

ஞாயிறு பின்னேரம் முடிஞ்சுது!!

அங்கிள் வந்தார். கனநேரம் பாத்தார்.

"அந்தச் சப்பாத்து கோணல்."

"ஓம் அங்கிள். மெரீனா அக்கா கீறினது. கோணலாவே இருக்கட்டும்."

"கோடுகளை இன்னும் அழிக்கேல்லையே?"

"அழிக்கமாட்டன். அதுக்கு மேல வெள்ளைப் பெயின்ற் இழுத்து வைச்சிருக்கிறன். ஆர் ஆர் எந்தக் கட்டம் கீறினதெண்டு தெரியவேணும்!"

அவர் இன்னொருக்கா அந்தச் சப்பாத்தைக் குனிஞ்சு பாத்திட்டுப் போனார்.

உங்கட பில்டிங்கில வெறுஞ்சுவர் ஏதும் கிடக்கோ மக்களே? சொல்லுங்கோ, லப்டொப்போட வாறன்!