பப்ஸ் பெட்டிக்குள் இருந்த சைட்

சங்கராபுரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்து பேக்கரியின் கண்ணாடிப் பெட்டியில் பப்ஸ் சூடாகிக்கொண்டிருந்தது. வாசனை வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டேன், உள்ளே கம்ப்யூட்டரின் விசிறி ஓடுகிறதா என்று. சிரிக்காதீர்கள். உங்களுக்கு அது தின்பண்ட வாசனை. எனக்கு முதல் வேலையின் வாசனை.

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மாடியில் நாங்கள் மூன்று பேர் வெப்சைட் செய்துகொடுத்த காலம். குமரேசன் அண்ணன்தான் முதலாளி. 'பேரு, எடம், கட்டடம் மூணும் இங்கேயே' என்று போர்டு மாட்டியிருந்தார். இன்டர்நெட்டில் பெயர் பதிவதும், பக்கங்களை வைக்க இடம் தருவதும், அவற்றைக் கட்டுவதும் நாங்களே என்று அர்த்தம். பாதிப் பேர் மனை விற்கிறோம் என்று படியேறினார்கள். "கெழக்கு பாத்த சைட்டு கீதா?" என்ற ஒருவருக்கு நீட்டி முழக்கி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, தண்ணி வசதி எப்புடி?" என்றார். என் விளக்கும் திறமை அவ்வளவுதான்.

மலைமேல் கரியாலூரில் அருவி பார்க்க வருகிறவர்களுக்கு ரூம் வாடகைக்கு விடும் சின்னப்பொண்ணு அக்கா மட்டும் சரியாகப் புரிந்துகொண்டவர் என்று நினைத்திருந்தோம். எங்களுடைய மலை வாடிக்கையாளர்கள் எல்லாருமே அவர் கைகாட்டி வந்தவர்கள். ஒரு பங்குனியில் அவருடைய சைட் திறக்கவில்லை. அவரே பஸ் பிடித்து இறங்கிவிட்டார்.

"இன்னா தம்பி, சைட்டு படுத்துக்கினு கீது? எங்க வச்சிக்கினு கீற, காட்டு."

அண்ணனுக்குப் பொய் வராது. "நம்மகிட்ட இல்லீங்கக்கா. வெளியூரு கம்பெனி மிஷின்ல வாடகைக்கு வச்சிக்கிறோம்."

"வாடகை எடத்தையா என் தலைல கட்டுன? சித்திரைல ஜனம் வரும். அதுக்குள்ள கண்ணுல காட்டு. இல்லாங்காட்டி நாங்க எல்லாரும் வேற ஆளப் பாத்துக்கறோம்."

அவர்கள் போனால் கடையை மூடிவிட்டுச் சென்னையில் வேலை தேட வேண்டியதுதான் என்று அன்று டீ குடிக்கும்போது அண்ணன் சொன்னார். ஆனாலும் எங்கெங்கோ அலைந்து ஒரு மிஷினை வாங்கிவந்தார். பார்வையாக வைக்க, மூடிப்போன பேக்கரி ஒன்றின் பப்ஸ் பெட்டி மலிவாகக் கிடைத்தது. பின்பக்கக் கண்ணாடியைக் கழற்றி மிஷினை உள்ளே வைத்து, அக்காவின் சைட்டை அதில் ஏற்றி, அவர் பேரை முன்னால் ஒட்டினோம். மிஷின் சூடேறச் சூடேற, பெட்டியில் ஊறியிருந்த வனஸ்பதி மணக்கத் தொடங்கியது.

அக்கா வந்தார். குனிந்து பார்த்தார். முகர்ந்தார்.

"இன்னாடா இது, என் சைட்டு பப்ஸ் வாசன அடிக்குது?"

அவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையைச் சற்று நேரம் எடுக்கவில்லை.

"கதகதன்னு கீது. உசுரோடதான் கீது."

அதற்குப் பிறகு பெட்டியைப் பார்க்கவே ஆள் வந்தது. கச்சிராயபாளையத்துக் கல்யாண மண்டபக்காரர், நாற்றுப் பண்ணைக்காரர் என்று வந்தவர்களெல்லாம் தங்கள் பேரையும் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டி ஒட்டிக் கடைசியில் மிஷினே தெரியவில்லை. பேரைப் பார்த்தார்கள், தொட்டார்கள், திருப்தியாக இறங்கிப் போனார்கள்.

இப்போது கம்பெனிக்குச் சொந்தக் கட்டடம். நான் போயிராத ஊர்க்காரர்களெல்லாம் போனிலேயே தங்கள் சைட்டைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். எல்லாமே கிளவுடுக்குப் போய்விட்டது. பெட்டி எங்கே போனதென்று அண்ணனுக்கே தெரியாது. இடம் மாறியதைச் சொல்ல அக்காவுக்குப் பயந்துகொண்டே போன் செய்தவன் நான்தான்.

"உங்க சைட்டு இப்ப மேகத்துல கீதுக்கா."

"மேகத்துலயா? மழ மாசத்துல அது என் வூட்டுக்குள்ளயே பூந்து வருதே!" சிரித்தார். "அப்ப இனிமே நான் கீழ எறங்கி வர வேணாம்னு சொல்லு."

"வேணாங்கக்கா" என்றேன்.

அவர் வரவேயில்லை.