வெள்ளைக் குழாயில் ஒரு கருப்புப் புள்ளி

அந்த ஸ்கேன் படம் இப்போதும் என் பீரோவில்தான் இருக்கிறது. மூலைகள் நைந்த காக்கி உறைக்குள் பெரிய கருப்புப் படம் ஒன்று, மடித்த டிஸ்சார்ஜ் தாள் ஒன்று. படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் பித்தநாளம் வெள்ளையாக, மெல்லிய குழாயாக இறங்கும். அது முடியும் இடத்தில் ஒரு கருப்புப் புள்ளி. என் சித்தப்பா குடிகாரர் இல்லை என்பதற்கு அந்தப் புள்ளிதான் சாட்சி.

மில்லை விட்டு வந்த பிறகு சித்தப்பாவுக்குக் கிடைத்தது ஒரு பிராந்திக் கடையில் குடோன் வேலை. லாரியில் வரும் பெட்டிகளை இறக்கி, சரக்குத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் நேரே நீலப் பென்சிலால் வால் நீண்ட டிக் ஒன்று போடுவார். உடைந்த பாட்டில்களின் வாடை சட்டையில் ஏறி, துவைத்தாலும் போகாது. அவர் குடிப்பதில்லை என்று சொன்னால் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவே சிரிக்கும். சித்தி தினமும் வாசலிலேயே நிறுத்தி ஊதிக்காட்டச் சொல்வாள். நான் ஒரு படி மேலே போய், அவர் குளிக்கும்போது சைக்கிள் பையைத் துழாவியிருக்கிறேன். ஒன்றும் கிடைக்காததால் சந்தேகம் கூடத்தான் செய்தது. ஆள் பலே கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு மதியம், மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கணையம் என்றாலே எங்கள் ஊரில் குடிதான். வலியில் அவரால் பேச முடியவில்லை, சித்தி அழுதுகொண்டிருந்தாள். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்ட டாக்டருக்கு நான்தான் பதில் சொன்னேன்.

"பிராந்திக் கடையிலதான் சார் வேல. குடிப்பாரு."

அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை. பார்த்தவள் போலச் சொன்னேன்.

வயிற்றில் பசை தடவி எடுத்த முதல் ஸ்கேனில் கல் எதுவும் தெரியவில்லை. குடலில் காற்று மறைப்பதால் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியைப் பார்க்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. கல் இல்லை, அப்படியானால் குடிதான் என்று முடிவு கட்டிவிட்டோம். மகளைக் கூட்டிக்கொண்டு தவளக்குப்பத்தில் தம்பி வீட்டோடு போய்விடப் போவதாகச் சித்தி கட்டிலருகிலேயே என்னிடம் சொன்னாள். அது சித்தப்பா காதில் விழுந்தது.

"நான் குடிக்கலம்மா. இன்னும் எப்பிடிச் சொன்னா நம்புவீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பிளாஸ்க்கை மூடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் கண்ணில் மஞ்சள் ஏறியது. டாக்டருக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் அவர் சந்தேகப்பட்டது எங்கள் பேச்சையும் அந்த ஸ்கேனையும். காற்று மறைக்காமல் பித்தநாளத்தைத் தனியாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம் எடுக்க அனுப்பினார். அதில் அகப்பட்டது மிளகளவு கல் ஒன்று. கணையத்தின் வழியையும் அதுதான் அடைத்திருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். சித்தி அவர் காலடியில் உட்கார்ந்து விம்மினாள்.

வீடு திரும்பியபின், வருகிறவர்களுக்கெல்லாம் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, புள்ளியைத் தொட்டு, "இதாம்பா நான் குடிச்சது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். டிஸ்சார்ஜ் தாளை மட்டும் உறையிலிருந்து எடுக்கவே மாட்டார். அந்த இங்கிலீஷ் தாளை அவருக்கு நான்தான் படித்துச் சொல்லியிருந்தேன். மாத்திரை, பத்தியம் எல்லாம் சொன்னேன். குடிப்பழக்கம் உண்டு, தகவல் தந்தவர் அண்ணன் மகள் என்று இருந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

சித்தப்பா போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். ஞாபகத்துக்காக என்று சித்தியிடம் சொல்லி உறையை வாங்கி வந்தேன். உண்மையில் அந்த வரி யார் கண்ணிலும் படக்கூடாது என்ற பயம்தான். நேற்று, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, அந்தத் தாளைப் பிரித்தேன். அந்த வரிக்கு நேரே நீலப் பென்சிலில் ஒரு டிக், வால் நீண்டு.

யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நான் போகும்போதெல்லாம் "சாப்ட்டியாம்மா" என்றுதான் கேட்பார், வேறெதுவும் கேட்டதில்லை. படத்தை உறைக்குள் போட்டுவிட்டேன். தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.