கோட்டுக்கு வெளியே ஒரு கடலைக்காடு

கொழிஞ்சாம்பாறையில் ஊர் எல்லையை வரையறுக்கும் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. கோட்டுக்கு உள்ளே வீடு கட்டலாம். வெளியே விவசாயம் மட்டும்தான். நிலம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் உள்ளே சேரத்தான் முண்டியடித்தார்கள். ஓர் அம்மாள் மட்டும் தன் நிலத்தை வெளியே விடச் சொன்னார்.

நெடுநெடுவென்ற உயரம், முழங்கை வரை செம்மண். மடியில் வறுத்த கடலை. எதிர்த்துப் பேசுபவர் கையில் ஒரு பிடி கடலையை வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"ஏனுங்க அக்கா, ரோடு வரைக்கும் கோடு போனாத்தானுங்க ஊரு வளரும்?" என்றார் மனைத் தரகர். கடலை கைமாறியது.

"வளரட்டுமுங்க தம்பி. ஊருக்குள்ள முள்ளு மொளச்சுக் கெடக்கற எடத்துல மொதல்ல கட்டுங்க. சுத்தியும் வீட்டு சைட்டாப் போச்சுன்னா என்ற கடலக்காட்டுக்கு எப்படித் தண்ணி வரும்? கோட்ட ரோட்டுக்கு இந்தப்பக்கம் இருக்கற வாய்க்காலோட நிறுத்துங்க."

"நீங்க ஒருத்தர் சொன்னா மாத்த முடியாதும்மா" என்றார் அதிகாரி. அவருக்கும் ஒரு பிடி கிடைத்தது. கூட்டத்தில் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையில் இருவர் எழுந்தார்கள். "எங்க காட்டையும் வெளியவே உட்டுருங்க!"

அதிகாரி கடலையை மென்றபடி வரைபடத்தில் சாலையோரக் கோட்டை அழித்து, வாய்க்காலை ஒட்டிப் பென்சிலால் இழுத்தார். கூட்டத்தைப் பார்க்க வந்திருந்த நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். ஊர்களின் எல்லை மாறிய கதைகளை எவ்வளவோ படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

வாசலில் அவர் என் கையிலும் ஒரு பிடி கடலையை வைத்துவிட்டுப் போனார். நான் வாயே திறக்கவில்லை. வாய்க்காலுக்கு அப்பால் மனை தேடிக்கொண்டிருந்ததை யாரிடமும் சொன்னதுமில்லை.